இதயத் திறன்குறைவு

“அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர்” என்று கோலாலம்பூரில் ஒரு டாக்டர் சொன்னால், இதயம் நின்றுபோகப் போகிறது என்றே குடும்பம் எடுத்துக்கொள்கிறது. மலாயில் ‘கெகாகாலான் ஜந்தோங்’ என்கிறார்கள். ‘காகால்’ தேர்வில் தோற்றவருக்கும் உரிய சொல். நம் ‘இதயச் செயலிழப்பு’ அச்சத்தை இன்னும் கூட்டுகிறது. அதனால் ‘இதயத் திறன்குறைவு’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

‘ஃபெயிலியர்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. குறைபடுதல், போதாமல் போதல் என்பது அங்கே அதன் பொருள்களில் ஒன்று. மருத்துவம் கொள்வதும் அதைத்தான்: உடல் கேட்கும் அளவுக்கு ரத்தம் அனுப்ப இதயம் திணறுகிறது. அதனால் மூச்சிரைக்கிறது, கால் வீங்குகிறது. ரத்தக்குழாய் அடைபடும் மாரடைப்பு இதற்குக் காரணமாகலாம், ஆனால் இதுவே அது அல்ல.

‘இதயத் தளர்ச்சி’ கேட்க அழகான சொல். ஆனாலும் பொருந்தாது. ஒரு வகையில் தசை வலுவிழந்து பிழியும் ஆற்றல் குறைகிறது. இன்னொரு வகையில் சுவர் விறைத்துப்போய், தளர்ந்து கொடுக்க மாட்டாமல் ரத்தம் நிரம்புவதே தடைபடுகிறது. இரண்டையும் தாங்குவது ‘திறன்குறைவு’. எக்கோ எனும் இதய ஒலியலைப் பரிசோதனை அறிக்கையில் ‘இ.எஃப். 35%’ (ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு) என்று கண்டு, இதயத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம் என்று கலங்க வேண்டாம். நல்ல இதயமே ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள ரத்தத்தில் 50 முதல் 70% வரைதான் வெளியேற்றும்.

குறைவுக்குப் படிகள் உண்டு, இழப்புக்கு இல்லை. 2021இல் வந்த உலகளாவிய வரையறை நோய்க்கு முன்பே இரண்டு படிகளை வைக்கிறது. ரத்தக் கொதிப்போ இனிப்பு நீரோ (நீரிழிவு) உள்ளவர் முதல் படியில் நிற்கிறார். அறிகுறி இல்லாமலே இதயத்தில் மாற்றம் தெரிந்தால் இரண்டாம் படி. நம்மவரிடையே இனிப்பு நீர் மிகுதி என்பதால் இந்த இரண்டு படிகளைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசு சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக் கட்டுக்குள் வைப்பதே தடுப்பின் பெரும்பகுதி.

இனிப்பு நீருக்காக வந்த டாபாக்ளிஃப்ளோசின் என்ற மருந்து, அந்நோய் இல்லாத திறன்குறைவுக்காரருக்கும் உதவுவதை 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. பிழியும் ஆற்றல் குறைந்தவருக்கு இன்று நான்கு வகை மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்தடிக்காமல் விரைவாகச் சேர்த்துத் தொடங்குகிறார்கள். பலருக்கு இ.எஃப். ஏறுகிறது. ஏறியதும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இதயம் விரிந்துபோய்ப் பின் தேறியவர்களுக்கு மருந்தைக் குறைத்து நிறுத்திப் பார்த்த ஓர் ஆய்வில், ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் நோய் திரும்பிவிட்டது.