கேசரியில் முதல் குடம் ரவைக்கு

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்குத் தண்ணி லாரி வந்தால் ஒரே ஒரு சட்டம்தான். எந்தக் குடம் முன்னால் நிற்கிறதோ அது நிரம்பிய பிறகுதான் அடுத்த குடம். கேசரி கிளறுவதைப் புரிந்துகொள்ள எனக்கு இந்த வரிசைதான் உதவியது. வாணலியில் அளந்து ஊற்றிய தண்ணீர் கொஞ்சம், அதைக் கேட்டு நிற்பவர்கள் இரண்டு பேர்: ரவை ஒருவர், சர்க்கரை ஒருவர். யார் முதலில் பிடிக்கிறார்கள் என்பதில்தான் கேசரியின் பதம் இருக்கிறது.

போன ஆடியில் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று, எங்கள் வீட்டிலிருந்து கேசரி கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தேன். நேரமாகிவிட்டது, அதனால் சர்க்கரையைத் தண்ணீரிலேயே கரைத்துக் கொதிக்கவிட்டு, வறுத்த ரவையை அதில் போட்டுக் கிளறிவிட்டேன். பார்ப்பதற்குப் பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது, வாயில் போட்டால் நறநறவென்று கடிபட்டது. பக்கத்து வீட்டு ஆயா ஒரு விள்ளல் எடுத்து, வாயில் போடாமல், இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பார்த்தார்.

"சக்கரைய முன்னாடியே போட்டுட்டியா கண்ணு?"

"ஆமா ஆயா, சீக்கிரம் ஆகும்னு..."

"அப்ப எவ்ளோ கிளறினாலும் வேவாது. ரவ வெந்துச்சான்னு பாத்துட்டுத்தான் சக்கரைய எடுக்கணும்."

அவர் சொன்னது அப்படியே வேதியியல். ரவை என்பது கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கிவிட்டு, நடுவில் இருக்கும் வெள்ளைப் பகுதியை உடைத்துச் சலித்த குருணை. கேசரிக்கு நாம் வாங்குவது பாம்பே ரவை. அதில் ஏறக்குறைய 70 சதவீதம் மாவுச்சத்து, 10 முதல் 12 சதவீதம் புரதம், மீதியில் பெரும்பகுதி ஈரம். மாவுச்சத்து தூளாகக் கிடப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி மணிகளாக, புரதம் என்ற பசையில் பதிந்து, ஒரு ரவைக்குள் ஆயிரக்கணக்கில் அடைந்திருக்கும். பச்சைத் தண்ணீரில் இந்த மணிகள் பெரிதாக அசையாது. தண்ணீரின் சூடு 55, 60 டிகிரியைத் தாண்டும்போதுதான் உள்ளே இறுக்கமாக அடுக்கியிருக்கும் மூலக்கூறுகள் தளர்ந்து தண்ணீரை உள்ளே விடும், மணி பல மடங்கு உப்பும், வெள்ளையாக இருந்தது கண்ணாடி போல மாறும். வேகிறது என்று நாம் சொல்வது இதைத்தான். ஆயா நசுக்கிப் பார்த்ததும் இதற்காகவே. வெந்த ரவை நசுங்கிக் கரையும், வேகாததற்கு நடுவில் கடுகளவு வெள்ளைப் புள்ளி நிற்கும். அதன்பிறகு நான் பல முறை இப்படிப் பார்த்திருக்கிறேன், அந்தப் புள்ளி ஏமாற்றுவதே இல்லை.

இப்போது சர்க்கரை. சர்க்கரைக்குத் தண்ணீர் என்றால் உயிர், ஒவ்வொரு சர்க்கரை மூலக்கூறும் தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படிப் பிடிபட்ட தண்ணீர் ரவைக்குள் போவதற்குச் சுலபமாகக் கிடைக்காது. அதோடு, சர்க்கரைப் பாகில் மாவுச்சத்து மணிகள் தளர்வதற்கே இன்னும் அதிகச் சூடு வேண்டும், அடர்த்தியான பாகில் அது 80 டிகிரியையும் தாண்டிப் போகும். வாணலியில் 100 டிகிரி கொதிக்கிறதே, அப்புறம் வேகாமல் எங்கே போகும் என்று கேட்கலாம், நானும் அப்படித்தான் நினைத்தேன். ரவை ஒவ்வொன்றும் அந்த மணிகளோடு ஒப்பிட்டால் மலை மாதிரி, தண்ணீர் அதன் நடுப்பகுதிவரை ஊறிப்போக நேரம் எடுக்கும், பாகு கெட்டியாக இருந்தால் இன்னும் மெதுவாகத்தான் ஊறும், அதற்குள் மேலே ஆவியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். ஓரம் வெந்து, நடு வேகாமல், பாகு இறுகிவிடும். பருப்பு வேகும் முன் புளி ஊற்றினால் பருப்பு விறைத்துக்கொள்வதும் இதே போலத் தெரியும், ஆனால் அங்கே காரணம் புளிப்பு, தண்ணீர்ப் போட்டி இல்லை.

சரி, ரவை நன்றாக வெந்து கெட்டியான பிறகு சர்க்கரையைக் கொட்டினால், கெட்டியாக இருந்தது ஏன் திடீரென்று தண்ணியாக இளகுகிறது? முதல் முறை செய்பவர்கள் பயந்துபோவது இங்கேதான். சர்க்கரை கரையும்போது காணாமல் போவதில்லை, திரவத்தின் கொள்ளளவில் சேர்ந்துகொள்கிறது. 200 கிராம் சர்க்கரை கரைந்தால் சுமார் 125 மில்லி கூடும், அதாவது நீங்கள் சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாமலே வாணலியில் அரை டம்ளருக்கு மேல் திரவம் ஏறிவிட்டது. போதாததற்கு, உப்பிய ரவையிடமிருந்தும் சர்க்கரை கொஞ்சம் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். இந்த நேரத்தில் பதறி ரவையை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அடுப்பைக் குறைத்துக் கிளறிக்கொண்டே இருந்தால் ஐந்தாறு நிமிடத்தில் தானாகத் திரளும். என் கணக்கு 1 டம்ளர் ரவைக்கு 2½ டம்ளர் தண்ணீர், 1½ டம்ளர் சர்க்கரை, அரை டம்ளருக்குக் குறையாமல் நெய்.

வறுப்பது வாசனைக்கு மட்டும் என்று நினைக்கிறோம். வாசனை உண்மைதான், சூட்டில் புரதமும் சர்க்கரை வகைகளும் சேர்ந்து நடத்தும் வினை அது, 1912ல் அதை விவரித்த பிரெஞ்சுக்காரர் மயார் பெயரில் இன்றும் வழங்குகிறது. ஆனால் கேசரிக்கு அதைவிட முக்கியமான வேலை வேறு இரண்டு. ஒன்று, சூட்டில் புரதத்தின் ஒட்டும் குணம் குறைகிறது. இரண்டு, ஒவ்வொரு ரவை மேலும் நெய் மெல்லிய போர்வை போலப் படிகிறது. நெய் படியாத ரவை கொதிநீரில் விழுந்தால் பக்கத்தில் இருப்பதோடு ஒட்டி உருண்டையாகும், உருண்டையின் வெளிப்பக்கம் உடனே வெந்து பசையாகி அடைத்துக்கொள்ளும், தண்ணீர் உள்ளே போக வழியில்லை. கட்டியை உடைத்தால் உள்ளே பச்சை மாவு கொட்டுவது இதனால்தான். எங்கள் பக்கம் கடல் காற்றின் ஈரம் வேறு, காசிமேட்டுக்குக் கிட்டே இருக்கும் வீடுகளில் ரவை டப்பாவைத் திறந்து வைத்தால் இரண்டே நாளில் நமுத்துப்போகும், அந்த ரவைக்கு இன்னும் இரண்டு நிமிடம் கூடுதலாக வறுக்க வேண்டும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் காய்ந்த மணல் போலச் சரசரவென்று விழ வேண்டும், அதுதான் அளவு. நிறம் மாற விடாதீர்கள்.

தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதே ரவையைத் தூவிக் கிளறி, மூடி போட்டு மூன்று நிமிடம் விடுங்கள். சர்க்கரை அதற்கு அப்புறம்.

கேசரி என்ற பெயரே குங்குமப்பூவால் வந்தது. அதன் நிறப்பொருள் தண்ணீரில் கரையும், நெய்யில் கரையாது, அதனால் நெய்யில் போட்டு வீணாக்காமல் வெதுவெதுப்பான பாலில் ஊறவைத்து ஊற்ற வேண்டும். கலர் பொடி போடுபவர்கள் 1 கிலோ கேசரிக்கு 100 மில்லிகிராம் என்பதுதான் சட்டம் அனுமதிக்கும் உச்சம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகையே அதைத் தாண்டிவிடலாம். நான் போடுவதில்லை, வெள்ளைக் கேசரி எனக்குப் போதும். ஏலக்காயின் வாசனை எண்ணெய் சூட்டில் பறந்துவிடும், அதை அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள்.

கடைசியில் ஓரத்தில் நெய் பிரிந்து வருவது ஏன்? பாகும் நெய்யும் ஒன்றுக்கொன்று கலக்காதவை. தண்ணீர் நிறைய இருக்கும்வரை கிளறக் கிளற நெய் சிறு துளிகளாக உள்ளே சிக்கிக்கொண்டிருக்கும், தண்ணீர் குறைந்து கேசரி திரண்டதும் தங்க இடமில்லாமல் வெளியே வரும். அப்போது கேசரி வாணலியில் ஒட்டாமல் கரண்டியோடு சுற்றி வரும், உடனே இறக்கிவிட வேண்டும்.

மிச்சமான கேசரி மறுநாள் கல்லு போல ஆவதற்கு நெய் உறைவது பாதிக் காரணம்தான். உப்பியிருந்த மாவுச்சத்து ஆற ஆற மறுபடி வரிசையாக அடுக்கிக்கொண்டு, பிடித்த தண்ணீரை மெல்ல விட்டுவிடும். இது ஃபிரிட்ஜ் குளிரில்தான் இன்னும் வேகமாக நடக்கும், சோறு விறைத்துப்போவதும் அப்படியே. நல்ல வேளையாக, ஆவி வரும் அளவுக்குச் சூடாக்கினால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். நான் காலையில் இரண்டு ஸ்பூன் கொதிநீர் தெளித்து, மூடி போட்டு, சிறு தீயில் நான்கு நிமிடம் வைக்கிறேன். மூடியில் கோத்திருக்கும் நீர்த்துளிகளை வெளியே விடாமல் கேசரி மேலேயே வழியவிட்டு, ஒரு முறை கிளறி, உப்புமாவுக்குப் பக்கத்தில் வைத்து ஆயாவுக்கு ஒரு தட்டு அனுப்புவேன்.