ஆயிலில் மின்னும் ஜிகினா

ஓடுகிற எந்த டீசல் எஞ்சினும் தன்னிலிருந்து கொஞ்சம் உலோகத்தை உதிர்த்துக்கொண்டேதான் இருக்கும். சிலிண்டரின் உள்சுவரான லைனரில் பிஸ்டன் ரிங் உரசுகிறது, வால்வைத் திறந்து மூடவைக்கும் கேமில் டாப்பெட் உரசுகிறது. உதிர்வது கண்ணுக்குத் தெரியாத தூள். ஆயில் அதைச் சுமந்துகொண்டு சுற்றும், ஆயில் மாற்றும்போது வெளியே போய்விடும். இதில் பயப்பட ஒன்றுமில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய லாரியின் டிரெயின் போல்ட்டைக் கழற்றும்போது, கருப்பு ஆயிலின் கடைசி வடிசலில் ஏதோ பளபளத்து, "ஆயில்ல ஜிகினா மின்னுதுண்ணா" என்று மெக்கானிக் சொல்கிற நேரம்தான் வேறு. கண்ணுக்குத் தெரிகிற அளவில் உலோகம் வந்துவிட்டால் உள்ளே ஏதோ ஒரு பாகம் தேயவில்லை, பெயர்கிறது என்று அர்த்தம்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று நெடுஞ்சாலையை ஒட்டிய பட்டறைகளில் இப்படி வரும் வண்டிகளுக்குக் குறைவில்லை. வாங்கியவர் அப்போது கேட்கும் முதல் கேள்வி, "எஞ்சின் போச்சா?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: அது என்ன உலோகம், எவ்வளவு பெரியது, என்ன வடிவம்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால், எஞ்சினைப் பிரிக்காமலே எந்தப் பாகம் அழிகிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

முதலில், நன்றாக இருக்கும் எஞ்சினில் உலோகம் ஏன் பெயர்வதில்லை என்று பார்ப்போம். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஓடும்போது இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. சுழலும் தண்டு ஆயிலைத் தன்னோடு இழுத்துக்கொண்டு குறுகலான பக்கத்துக்குள் திணிக்கிறது. அங்கே எழும் அழுத்தம் தண்டையே தூக்கி நிறுத்துகிறது. இங்கிலாந்தில் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்த பியூசாம்ப் டவர் 1883இல் இதைத் தற்செயலாகக் கண்டார். ஆயில் விடுவதற்காக பேரிங்கின் மேல் துளை போட்டால், ஆயில் உள்ளே போவதற்குப் பதிலாக வெளியே வந்தது. கார்க் வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டை வைத்து அடைத்தார், அதையும் தள்ளிவிட்டது. அழுத்தமானியைப் பொருத்தியபோது, பேரிங் மேல் இருந்த சராசரி சுமையழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் முள் ஏறியது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் அதற்குக் கணக்கு எழுதினார். இன்றைக்கு லாரி எஞ்சின் பேரிங்கை வடிவமைப்பவர்களும் அந்தச் சமன்பாட்டைத்தான் தீர்க்கிறார்கள்.

சுமை அழுத்துகிற இடத்தில் இந்த ஆயில் படலத்தின் தடிமன் சில மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி எழுபது மைக்ரான் பக்கம் வரும். சுழலும் வேகமும் ஆயிலின் கெட்டித்தன்மையும் கூடினால் படலம் தடிக்கும், சுமை கூடினால் மெலியும். பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா போகும் பத்தலப்பல்லி மலைப்பாதையில், பாரம் ஏற்றிய லாரி கியரைக் குறைக்காமல் முக்கி முக்கி ஏறுவதை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் சுற்று குறைவு, சுமை முழுசு. கூடவே வேலூர் மே மாத வெயில். லாரிகளுக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 ஆயில் 40 டிகிரியில் இருக்கும் கெட்டியில் 100 டிகிரிக்குப் போனால் ஏழில் ஒரு பங்குதான் மிஞ்சும். படலம் மெலிந்துபோக இதைவிட வசதியான நிலைமை கிடையாது. ஆயில் அளவு குறைந்திருந்தாலோ, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகி டீசல் கலந்திருந்தாலோ, உலோகம் உலோகத்தைத் தொட்டுவிடும்.

அந்த நேரத்துக்காகத்தான் பேரிங்கை மெத்தென்ற உலோகத்தில் செய்கிறார்கள். கழற்றிய பேரிங் ஷெல், அதாவது தண்டைச் சுற்றி உட்காரும் அரைவட்டத் தகடு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதுகு இரும்புத் தகடு. அதன்மேல் செம்பும் ஈயமும் கலந்த அடுக்கு, அல்லது அலுமினியமும் வெள்ளீயமும் கலந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, பல எஞ்சின்களில், இருபது மைக்ரான் அளவுக்கு ஈயம்-வெள்ளீயப் பூச்சு. நல்ல ஷெல் மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும். சாம்பல் அழிந்து செம்பு நிறம் தெரிய ஆரம்பித்தால், மேல் பூச்சு போய்விட்டது. அந்தச் செம்பு அடுக்கும் செதில் செதிலாக உரிந்தால் அதுதான் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் ஜிகினாவாக வந்து சேரும்.

மெத்தென்று இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆயிலோடு ஒரு தூசி வந்தால், கொழுக்கட்டை மாவில் கல் அழுந்துவதுபோல அது பேரிங்குக்குள் புதைந்துவிடும், கிராங்க் தப்பிக்கும். ஆனால் தூசி பெரிதாக இருந்தால் முழுதாகப் புதையாது. பாதி வெளியே நீட்டிக்கொண்டு, சுழலும் கிராங்க்கை லேத் உளிபோலச் சீவும். அப்படிச் சீவப்பட்ட துகள் மைக்ராஸ்கோப்பில் சுருள் சுருளாகத் தெரியும். உரிந்து வந்தது தட்டையான செதில். உலோகம் களைத்து வெடித்துப் பெயர்ந்தது கட்டி கட்டியாக, முனை கூராக இருக்கும். துகளின் வடிவத்தை வைத்தே காரணத்தைப் படிக்கிற இந்தக் கலைக்கு ஃபெரோகிராபி என்று பெயர். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவானது.

நம் பக்கத்தில் அந்தத் தூசி எங்கிருந்து வருகிறது என்பதற்கு நிறைய யோசிக்க வேண்டாம். சுற்றிலும் கருங்கல் குன்றுகள், கிரஷர்கள், ஜல்லியும் எம்-சாண்டும் அடிக்கும் டிப்பர்கள். கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ், வார்ப்பிரும்பு லைனரைவிடக் கடினமானது. ஏர் ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸில் ஒரு கீறல் இருந்தால் போதும், அந்தத் தூள் நேராக சிலிண்டருக்குள் போய் ரிங்கையும் லைனரையும் அரைத்துவிடும். கிரஷரில் ஓடிய டிப்பரை வாங்குகிறவர்கள் டயரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஹோஸையும் கிளிப்பையும் தடவிப் பார்க்க வேண்டும் என்பேன்.

சரி, ஜிகினா வந்தாகிவிட்டது. அடுத்து செய்ய வேண்டியது, ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்ப்பது. ஹேக்ஸா பிளேடு வேண்டாம், அதன் தூளே உள்ளே விழுந்து குழப்பும். ஃபில்டர் கட்டரால் மூடியைச் சுற்றி வெட்டி, மடிப்புக் காகிதத்தை வெளியே எடுத்து, வைஸில் வைத்து ஆயிலைப் பிழிந்துவிட்டு, வெள்ளைத் தட்டில் மண்ணெண்ணெய் விட்டு அலச வேண்டும். அப்புறம் தட்டை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கரி கருப்பாகப் பரவும், உலோகம் மட்டும் மின்னிக்கொண்டு அடியில் நிற்கும்.

தட்டுக்கு அடியில் ஒரு காந்தத்தை நகர்த்துங்கள். கூடவே ஓடி வருவது இரும்பு: ரிங், லைனர், கேம், கியர், கிராங்க். நகராமல் கிடப்பதில் வெள்ளையாக, லேசாக இருப்பது அலுமினியம், அனேகமாக பிஸ்டனிலிருந்து வந்தது. சிலவகை பேரிங்கிலிருந்தும் வரலாம். செம்பு அல்லது பித்தளை நிறம் என்றால் பேரிங்கின் உள் அடுக்கு, பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் சின்ன முனையில் இருக்கும் புஷ், அல்லது டர்போ பேரிங். சாம்பல் செதிலைச் சூடான சால்டரிங் அயர்னில் வைத்ததும் உருகினால், அது ஈயம் அல்லது வெள்ளீயம், அதாவது பேரிங்கின் மேல் பூச்சு. ஒன்று மட்டும் கவனம்: எக்ஸாஸ்ட் வால்வுகளில் பலவற்றை காந்தம் இழுக்காத எஃகில் செய்கிறார்கள். காந்தத்தில் ஒட்டவில்லை என்பதற்காக இரும்பு வகையே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

சம்ப்பில் பெரிய துண்டு கிடைத்தால் எல்லோருக்கும் பதற்றம். ரிங்கின் ஒடிந்த முனை, போல்ட் தலை, விரல் நகம் அளவு அலுமினியச் சில்லு. ஆனால் பழைய வண்டியில் அது முந்தைய ஓனர் காலத்து ரிப்பேரில் விட்டுப்போனதாகவும் இருக்கலாம். ஒடிந்த முகத்தைத் துடைத்துப் பாருங்கள். சர்க்கரைப் படிகம்போலப் புதிதாக மின்னினால் சமீபத்தில் உடைந்தது. கருத்து, பழுப்பு வார்னிஷ் படிந்து, முனை மழுங்கியிருந்தால் ரொம்ப நாளாக அங்கேயே கிடக்கிறது. இவ்வளவு பெரியது ஆயில் பம்ப்பின் சல்லடையைத் தாண்டி மேலே போகாது.

எஞ்சினைக் கொல்வது நடுத்தர அளவுத் தூள். சல்லடையில் நுழைந்துவிடும். ஃபில்டர் பிடிக்குமே என்றால், ஃபில்டருக்குள் பைபாஸ் வால்வு ஒன்று உண்டு. விடியற்காலை குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போதோ, காகிதம் அடைத்துக்கொண்டபோதோ அது திறந்து, வடிகட்டாத ஆயிலை நேராக பேரிங்குக்கு அனுப்பும். பட்டினி போடுவதைவிட அழுக்கு ஆயில் மேல் என்பது அதன் கணக்கு. பேரிங் தட்டும் சத்தம் கேட்ட பிறகும் ஓட்டினால், ஷெல் தண்டோடு சேர்ந்து சுழன்று ஆயில் துளையை மூடிவிடும். அப்புறம் கனெக்டிங் ராட் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வருவதுதான் மிச்சம்.

ஆயிலை லேபுக்கு அனுப்பிச் சோதிக்கலாம். 1940களில் அமெரிக்க ரயில் டீசல் எஞ்சின்களுக்காகத் தொடங்கிய முறை அது. ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஆயிலை எரித்து, வரும் ஒளியிலிருந்து இரும்பு, செம்பு, ஈயம், சிலிக்கான் ஒவ்வொன்றும் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று சொல்வார்கள். இரும்பும், குவார்ட்ஸில் இருக்கும் சிலிக்கானும் சேர்ந்து ஏறினால் தூசி உள்ளே போகிறது. சோடியம் ஏறினால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் கலந்திருக்கலாம். ஆனால் அந்தக் கருவிக்கு எட்டு, பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட துகள் சரியாகத் தெரியாது. ஆகவே சில்லு சில்லாக உலோகம் கொட்டுகிற எஞ்சினுக்குக்கூட 'நார்மல்' என்று ரிப்போர்ட் வரலாம். லேப் ரிப்போர்ட்டும் அறுத்த ஃபில்டரும் இரண்டும் வேண்டும்.

செம்பும் ஈயமும் சேர்ந்து வந்தால் சம்ப்பைக் கழற்றி, கிராங்க்கை பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கும், கனெக்டிங் ராடின் பெரிய முனையில் இருக்கும் பிக் எண்ட் பேரிங்கும் பார்த்துவிடுவது நல்லது. பெரும்பாலான லாரிகளில் எஞ்சினை இறக்காமலே இது நடக்கும். கிராங்க்கில் நகத்தை ஓட்டிப் பார்த்து, கீறலில் மாட்டினால் கிரைண்டிங் போக வேண்டியதுதான். வேலை முடித்து மாட்டும்போது பலரும் விட்டுவிடுவது ஆயில் கூலரை. அதன் குறுகிய பாதைகளில் பழைய எஞ்சினின் தூள் ஒளிந்திருக்கும், கழுவினாலும் முழுசாக வராது. புது பேரிங் போட்டுப் பழைய கூலரை மாட்டினால், முதல் ஸ்டார்ட்டிலேயே அந்தத் தூள் புது ஷெல்லுக்குப் போகும். கூலரைப் புதிதாகப் போட்டு, ஆயில் பாதைகளின் பிளக்கைக் கழற்றி பிரஷ் விட்டுக் கழுவி, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை மாற்றி, அந்த ஃபில்டரையும் அறுத்துப் பாருங்கள்.