கிர்க், கிர்க்யார்ட்: பொருளும் தமிழும்

ஸ்காட்லாந்தின் வரலாற்றைத் தமிழில் எழுதுபவர்கள், ‘சர்ச்’ என்பதன் ஸ்காட்டிஷ் வடிவமான ‘கிர்க்’ என்ற சொல் வந்தால் ‘தேவாலயம்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். பாதி இடங்களில் அது பொருந்தும். மீதி இடங்களில் ‘தேவாலயம் மன்னரை எதிர்த்தது’ என்று ஒரு வாக்கியம் வந்து நிற்கும். கட்டடம் எப்படி எதிர்க்கும்?

சொல்லின் வேர் கிரேக்கம். ‘கூரியகோன்’ என்றால் ஆண்டவருக்குரியது. ஜெர்மானிய மொழிகள் இதை எடுத்துக்கொண்டன. டச்சில் ‘கெர்க்’, இங்கிலாந்தில் முதலெழுத்து திரிந்து ‘சர்ச்’. கன்னடக் ‘கிவி’ தமிழில் ‘செவி’யாக நிற்கிறதே, அதே திரிபுதான். வைக்கிங்குகளின் நார்ஸ் மொழிச் செல்வாக்கு இருந்த வடக்கில் ககரம் கெடாமல் ‘கிர்க்’ என்றே தங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் பேர்பெற்ற டன்கிர்க் துறைமுகத்தின் பெயருக்கு ‘மணல்மேட்டுக் கோயில்’ என்று பொருள். ஆனால் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் பிறந்த ஸ்காட்லாந்தின் கிர்காடி ஊரில் கோயிலைத் தேட வேண்டாம். அங்கே முன்னொட்டாக இருப்பது கோட்டையைக் குறிக்கும் பழைய பிரித்தானியச் சொல். ஒலி ஒத்துப்போனால் வேரும் ஒன்றென்று முடிவுகட்டும் நம் வழக்கத்துக்கு இது நல்ல எச்சரிக்கை.

ஸ்காட்லாந்தின் மற்றொரு மொழியான கேலிக் ‘எக்ளேசியா’ என்ற மற்றொரு கிரேக்கச் சொல்லிலிருந்து தன் சொல்லை எடுத்தது. அதற்குப் பொருள் கூடிய அவை. ஆக, ஒரு வேர் இடத்தைச் சொல்கிறது, மற்றது கூட்டத்தை. தமிழ்க் கிறித்தவர்கள் இவ்விரண்டையும் முன்பே பிரித்து வைத்திருக்கிறார்கள்: கட்டடம் ஆலயம் அல்லது கோயில், மக்கள் சபை. கிர்க் என்ற ஒரே சொல் இரண்டையும் சுமப்பதால்தான் மொழிபெயர்ப்பவர் தடுமாறுகிறார்.

எடின்பரோவின் கிரேஃபிரையர்ஸ் கிர்க்கை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். பெயரின் முற்பகுதி, அந்த இடத்தில் முன்பு மடம் வைத்திருந்த சாம்பல்நிற அங்கி அணிந்த பிரான்சிஸ்கன் துறவியரைக் குறிக்கிறது. 1560இல் நாடு கத்தோலிக்கத்தை விட்டுச் சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சமயத்துக்கு மாறியது, மடமும் போயிற்று. நகர நடுவில் இருந்த செயின்ட் ஜைல்ஸ் ஆலயத்தின் கல்லறை நிலம் நிரம்பி வழிந்ததால், 1562இல் அரசி மேரி மடத்து நிலத்தைப் புதைகுழிகளுக்காக நகருக்குக் கொடுத்தார். ஆலயம் பிறகுதான் வந்தது. 1620இல் வழிபாடு தொடங்கியது. கல்லறைகளுக்கு நடுவே எழுந்த கிர்க் இது.

இங்கேதான் 1638 பிப்ரவரி 28 அன்று, தங்கள் சமயத்தைக் காப்பதாக ஸ்காட்லாந்துக்காரர்கள் உறுதியேற்ற தேசிய உடன்படிக்கையில் கையெழுத்துகள் விழத் தொடங்கின. மன்னர் முதலாம் சார்லஸ் முந்தைய ஆண்டு ஒரு புதிய வழிபாட்டு நூலைத் திணித்ததற்கு வந்த பதில் அது. ‘கிர்க்கின் உரிமை’ என்று அக்காலத்தவர் சொன்னபோது கற்சுவரை நினைக்கவில்லை. போதகரும் மூப்பர்களும் சேர்ந்து நடத்தும் சபையைத்தான் சொன்னார்கள். ஏழைகளுக்கு உதவிப்பணம் தந்ததும், தவறு செய்தவர்களை எல்லாரும் பார்க்கத் தனி முக்காலியில் உட்காரவைத்ததும் ‘கிர்க் செஷன்’. ‘மூப்பர் அவை’ என்று சொன்னால் பொருள் உடனே விளங்கும். கட்டடத்துக்கு வந்த கேடுகள் வேறு வகை: 1718இல் அங்கே சேமித்து வைத்திருந்த வெடிமருந்து வெடித்துக் கோபுரம் இடிந்தது, 1845இல் தீ.

அடுத்த சொல் கிர்க்யார்ட். இதை ‘மயானம்’ என்று எழுதுவது தவறு. அது பிணம் சுடும் சுடலையைக் குறிக்கும் பெயர். ‘இடுகாடு’ புதைப்பதைக் குறித்தாலும் ஊருக்கு வெளியே உள்ள காட்டைச் சுட்டுகிறது. கிர்க்யார்டோ ஆலயத்தை ஒட்டிய வேலியடைத்த நிலம். ‘யார்ட்’ என்ற சொல்லுக்கு ஸ்காட்டிஷ் வழக்கில் தோட்டம் என்ற பொருளும் உண்டு. ஆகவே ‘கல்லறைத் தோட்டம்’ கனகச்சிதமாகப் பொருந்துகிறது. ஆலயத்தோடு சேர்ந்தது என்று அழுத்த வேண்டுமானால் ‘ஆலயக் கல்லறைத் தோட்டம்’ எனலாம். ஈழத்துக் கத்தோலிக்கர் சொல்லும் ‘சேமக்காலை’ அழகான சொல், ஆனால் தமிழகத்தில் பலருக்குப் புரியாது.

அங்கே ஒருவருக்குரிய புதைகுழி நிலத்தை ‘லேர்’ என்பார்கள், படுக்கும் இடம். அந்தப் படுக்கைக்கும் பாதுகாப்பு இல்லாத காலம் ஒன்று இருந்தது. எடின்பரோ மருத்துவப் பள்ளிகளுக்கு உடற்கூறு கற்பிக்கப் பிணங்கள் போதவில்லை. இரவில் தோண்டி எடுத்து விற்கும் கும்பல்கள் கிளம்பின. வசதியுள்ளவர்கள் குழியின் மேல் இரும்புக் கூண்டு பூட்டினார்கள். ‘மார்ட்சேஃப்’ எனப்படும் அக்கூண்டுகள் கிரேஃபிரையர்ஸில் இன்றும் நிற்கின்றன. ‘பிணக்காப்புக் கூண்டு’ என்று பெயர் வைக்கலாம். யாரும் உரிமை கோராத உடல்களை மருத்துவப் பள்ளிகள் சட்டப்படி பெற வழிசெய்த 1832ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு அவற்றின் தேவை குறைந்தது.

சென்னை எழும்பூரில் ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகக் கட்டப்பட்டு 1821இல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயத்தையும் ‘கிர்க்’ என்றே அழைக்கிறார்கள். அது தனிப்பெயர், அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. பொதுப்பெயராக வரும்போது மட்டும் கட்டடமா மக்களா என்று பார்த்து, ‘ஆலயம்’ அல்லது ‘திருச்சபை’ என்று எழுதுங்கள்.