மருந்துக்குப் பேட்டன்ட் கேட்டால் நீங்களும் எதிர்க்கலாம்

ஒரு மருந்துக் கம்பெனி காப்புரிமை (பேட்டன்ட்) கேட்டு விண்ணப்பித்திருக்கும்போது, "இதற்குக் கொடுக்காதீர்கள்" என்று காரணம் காட்டி மனுப் போடும் உரிமை நம் சட்டத்தில் இருக்கிறது. போட்டிக் கம்பெனியாக இருக்க வேண்டும் என்பதில்லை. நோயாளி, நோயாளிகள் சங்கம், மருந்தியல் மாணவர் என்று யாரும் போடலாம். காப்புரிமைச் சட்டம் 25(1) பிரிவு "எந்த நபரும்" என்றுதான் சொல்கிறது. இப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது.

கொஞ்சம் பின்னணி. காப்புரிமை கிடைத்துவிட்டால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு வேறு யாரும் அனுமதியின்றி அந்த மருந்தைத் தயாரித்து விற்க முடியாது. முன்பு நிலைமை வேறு. நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959-இல் கொடுத்த அறிக்கையை ஒட்டி வந்த 1970 சட்டம், மருந்துக்குக் காப்புரிமை தரவில்லை. தயாரிக்கும் முறைக்கு மட்டுமே தந்தது. அதே மருந்தை வேறு வழியில் செய்து நம் கம்பெனிகள் மலிவாக விற்றன. உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததால் 2005-இல் மருந்துக்கே காப்புரிமை கொடுக்க வேண்டியதாயிற்று. அப்போது நாடாளுமன்றம் 3(டி) என்ற பிரிவில் ஒரு பூட்டும் போட்டது: ஏற்கெனவே தெரிந்த பொருளின் புது வடிவம், பழையதைவிடக் கூடுதலாகப் பலன் தந்தால்தான் காப்புரிமை.

அந்தப் பூட்டு முதலில் சோதிக்கப்பட்டது சென்னையில். ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தில் உள்ள இமாடினிப் மெசிலேட்டின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்டிஸ் கம்பெனி காப்புரிமை கேட்டிருந்தது. எதிர்த்தவர்களில் புற்றுநோயாளிகளுக்கு உதவும் ஒரு சங்கமும் உண்டு. அப்போது கிளிவெக்குக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய். அதே மருந்தை வேறு கம்பெனிகள் செய்து விற்கும் ஜெனரிக் 10,000 ரூபாய்க்கு உள்ளேயே கிடைத்தது. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2013 ஏப்ரல் 1 அன்று முடிந்தது. புது வடிவம் உடம்பில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்றது கம்பெனி. சேர்ந்தால் போதாது, நோய் கூடுதலாகக் குணமாகிறது என்று காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம்.

அண்மைக் கதை பெடாகுவிலின். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான மாத்திரை இது. மூலக் காப்புரிமை 2023 ஜூலையில் முடிய இருந்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் அதன் ஒரு உப்பு வடிவத்துக்கு (அதே மருந்தை ஓர் அமிலத்தோடு சேர்த்த வடிவம்) தனியாகக் கேட்டிருந்தது; கிடைத்திருந்தால் 2027 வரை நீண்டிருக்கும். எதிர்த்தவர்களில் இருவர் காசநோயிலிருந்து மீண்ட பெண்கள். பழைய சிகிச்சை அவர்களின் காதுகளைப் பாதித்திருந்தது. அதில் ஒருவர் தென்னாப்பிரிக்கர். "எந்த நபரும்" என்பதில் வெளிநாட்டவரும் அடக்கம். 2023 மார்ச்சில் விண்ணப்பம் தள்ளுபடியானது.

சரி, எப்படிச் செய்வது? விண்ணப்பம் போட்டு 18 மாதத்தில் அது காப்புரிமை இதழில் வெளியாகும். இதழ் வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில் இலவசமாக வரும். வெளியான பிறகு 6 மாதத்துக்குக் காப்புரிமை வழங்க முடியாது. அதற்கப்புறமும், வழங்கப்படும் நாள் வரைக்கும் எதிர்க்கலாம். படிவம் 7ஏ-யில் காரணத்தையும் ஆதாரத்தையும் சேர்த்துத் தர வேண்டும். மனுவுக்கு உயிரே ஆதாரம்தான்: விண்ணப்பத் தேதிக்கு முன்பே வெளியான ஆய்வுக் கட்டுரையோ பழைய காப்புரிமையோ இருந்தால் நிற்கும். "விலை அதிகம்" என்று மட்டும் எழுதினால் நிற்காது, அது சட்டம் சொல்லும் காரணமே இல்லை. விசாரணையில் பேச வேண்டுமென்றால் மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.

முன்பு இதற்குக் கட்டணமே இல்லை. 2024 விதித் திருத்தம் கட்டணம் கொண்டுவந்தது; மனு ஏற்கத்தக்கதா என்று அதிகாரி முதலில் பார்ப்பார் என்றும் ஆக்கியது. வேண்டுமென்றே மனுமேல் மனுப் போட்டு இழுக்கிறார்கள், 20 ஆண்டுக் கணக்கோ ஓடிக்கொண்டே இருக்கிறது என்பது கம்பெனிகளின் புகார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்காக நோயாளியிடம் பணம் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

உண்மையிலேயே புதிய மூலக்கூறு என்றால் இந்த மனு வேலைக்கு ஆகாது. அதற்குப் பல ஆண்டு ஆராய்ச்சிச் செலவு இருக்கிறது, காப்புரிமை கிடைப்பதும் நியாயமே. அங்கே விலை எட்டாமல் போனால் இன்னொரு கதவு, 84-ஆம் பிரிவின் கட்டாய உரிமம்: காப்புரிமை வைத்திருப்பவர் சம்மதிக்காவிட்டாலும் இன்னொருவர் அந்த மருந்தைத் தயாரிக்கத் தரும் அனுமதி. காப்புரிமை வழங்கி 3 ஆண்டு கழித்து இன்னொரு கம்பெனி கேட்கலாம். 2012-இல் பேயர் கம்பெனியின் நெக்ஸாவர் என்ற புற்றுநோய் மருந்துக்கு நாட்கோ என்ற இந்தியக் கம்பெனி அப்படிப் பெற்றது. மாதம் 2,80,428 ரூபாயாக இருந்த மருந்தை 8,880 ரூபாய்க்கு விற்க உத்தரவு, பேயருக்கு விற்பனையில் 6 சதவீதம் ராயல்டி, அதாவது உரிமத் தொகை. ராயல்டி பிறகு 7 சதவீதமானது.

காப்புரிமை வழங்கியே விட்டார்கள் என்றால்? அது இதழில் வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் 25(2)-இன் கீழ் எதிர்க்கலாம். ஆனால் அங்கே "எந்த நபரும்" இல்லை, அந்த விஷயத்தில் தொடர்புள்ளவர் என்று காட்ட வேண்டும்.