நித்திரைக்காகத் தொடங்கிய கஞ்சா

போன மாரியில் ஒரு நாள், கிளினிக் தொடங்குவதற்கு முன்பே ஒரு தாய் மகனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து வாங்கில் இருத்தினார். மகனுக்கு 24 வயது. முத்தையன்கட்டுப் பக்கம் உழவு இயந்திரம் ஓட்டுகிறவர். மூன்று மாதத்துக்குள் நான்காவது தடவையாகச் சத்தி. ஒவ்வொரு முறையும் வாட்டில் படுத்து, சேலைன் ஏற்றி, இரண்டு நாளில் தெளிந்து வீட்டுக்குப் போவார். பிறகு திரும்பவும் தொடங்கும். ஸ்கேன் எடுத்தாயிற்று, கமரா விட்டுப் பார்த்தாயிற்று. வயிற்றில் ஒரு குறையும் இல்லை.

"சுடுதண்ணி ஊத்தினாத்தான் டொக்டர் கொஞ்சம் அடங்குது. ஒரு நாளைக்கு அஞ்சாறு தரம் குளிக்கிறான். விறகு பொறுக்கியே எனக்கு ஏலாமப் போச்சு" என்றார் தாய்.

கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளித்து வளர்ந்த வன்னிப் பெடியன், காய்ச்சலும் இல்லாமல் நாளுக்கு ஆறு தரம் சுடுதண்ணி கேட்கிறார். சேட்டைத் தூக்கச் சொன்னேன். வயிற்றுத் தோலில் வலையை விரித்துவிட்டதுபோலச் செம்மண் நிறக் கோடுகள். சூடு திரும்பத் திரும்பப் பட்டு விழுந்த தடம் அது. தாயை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு, "தம்பி, எத்தினை வருசமாக் கஞ்சா பத்துறீங்கள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறு வருசம், டொக்டர்."

ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் அவர் சொன்ன கதை என் மேசைக்கு முன்னால் பலர் சொன்ன கதை. 2009இல் அவருக்கு எட்டு வயது. பங்கர் பங்கராக இடம் மாறி முள்ளிவாய்க்கால் வரை போன பிள்ளை. வளர்ந்த பிறகும் இரவில் திடுக்கிட்டு எழும்புவார். பதினெட்டு வயதில் கூட்டாளி ஒருவர் கொடுத்ததைப் பற்றிப் பார்த்தார். அன்றைக்கு விடியும்வரை அடித்துப்போட்டதுபோல நித்திரை. முதல் வருடம் ஒரு சரை ஒரு கிழமைக்குக் காணும். இப்போது ஒரு நாளைக்கே காணாது. நித்திரையும் இல்லை.

இதற்கு உடலில் நடப்பது என்ன என்று அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

கஞ்சாவில் போதை தரும் பொருளின் பெயர் டிஎச்சி. 1964இல் இஸ்ரேலில் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். மூளையில் அது போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் ஏற்கெனவே இருக்கின்றன. கஞ்சாவுக்காக அமைந்தவை அல்ல அவை. நம் உடலே சுரக்கும் ஒரு பொருளுக்கானவை. 1992இல் அந்தப் பொருளைக் கண்டுபிடித்தவர்கள், 'ஆனந்தம்' என்ற சொல்லை வைத்தே அதற்கு ஆனந்தமைட் என்று பெயரிட்டார்கள். பயத்தைத் தணிப்பதிலும் நித்திரையிலும் பசியிலும் அதற்குப் பங்கு உண்டு.

கோயில் திருவிழாவுக்கு உங்கள் வீட்டு வாசலில் ஒலிபெருக்கி கட்டிவிட்டார்கள் என்று வையுங்கள். முதல் நாள் கேட்பீர்கள். மூன்றாம் நாள் யன்னலைச் சாத்துவீர்கள். சத்தத்தைக் கூட்டினால் கதவையும் சாத்துவீர்கள். தினமும் கஞ்சா பற்றுகிறவரின் மூளையும் இதைத்தான் செய்கிறது. ஏற்பிகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது, மிஞ்சியவற்றின் உணர்வையும் மழுங்கடிக்கிறது. அதனால்தான் பழைய அளவு காணாமல் போகிறது. அப்புறம் ஒரு நாள் ஒலிபெருக்கியைக் கழற்றிவிடுகிறார்கள். யன்னல்களோ இன்னும் சாத்தியபடி. உள்ளே பிள்ளை மெல்லக் கூப்பிடும் குரல்கூடக் காதில் விழாது. உடலே சுரக்கும் ஆனந்தமைட்டின் நிலையும் அப்போது அதுதான்.

எல்லா விளைவும் ஒரே அளவில் குறைந்தால் பெரிய பிரச்சினை இல்லை. அப்படிக் குறைவதில்லை. சிரிப்பு, இலேசான மிதப்பு, நித்திரை ஆகியவை மங்கிவிடும். தொடக்கத்தில் படபடவென்று அடித்த நெஞ்சும் பழகிவிடும். ஆனால் சந்தேகம், காதில் குரல் கேட்பது போன்றவை பழக்கத்தால் குறைவதாக நம்பி இருக்க முடியாது. தினமும் பற்றுகிறவர்களிடம்தான் அவை கூடுதலாக வருகின்றன. சுவீடனில் படைக்கு ஆள் எடுத்தபோது பதிவான சுமார் 45,000 பேரைப் பின்தொடர்ந்து பார்த்து 1987இல் வெளியிட்ட ஆய்வில், அதற்கு முன் 50 தடவைக்கு மேல் கஞ்சா எடுத்தவர்களுக்கு மனச்சிதைவு வந்தது கஞ்சாவே எடுக்காதவர்களைவிட ஆறு மடங்கு. பற்றுகிற எல்லோருக்கும் வருவதில்லை, அது உண்மை. குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், அல்லது பதினைந்து பதினாறு வயதில் தொடங்கியிருந்தால், நான் மிகவும் பயப்படுவேன். இங்கே குரல் கேட்கத் தொடங்கினால் செய்வினை என்று பார்வை பார்க்கக் கொண்டுபோவார்கள். போங்கள், நான் தடுக்கவில்லை. அதே கிழமையில் எங்களிடமும் வாருங்கள். மாதக்கணக்காகப் பிந்தி வரும் பிள்ளையைத் திரும்ப எடுப்பது கடினம்.

சத்தியும் இப்படித்தான். புற்றுநோய் மருந்து ஏற்றுபவர்களின் ஓங்காளத்தைக் குறைக்க டிஎச்சியைக் குளிசையாகக் கொடுக்கும் நாடுகள் உண்டு. அதே பொருள், வருடக்கணக்காகத் தினமும் உள்ளே போன சிலருக்கு அடங்காத சத்தியைக் கொடுக்கிறது. 2004இல் அவுஸ்திரேலிய மருத்துவர்கள் இதை முதலில் விவரித்து எழுதினார்கள். சுடுதண்ணிக் குளிப்பை விடமுடியாமல் இருப்பதையும் அவர்களே கவனித்தார்கள். நோயாளிகளோ சத்தி நிற்கும் என்று இன்னும் கூடுதலாகப் பற்றுகிறார்கள். நம் தம்பியும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

"மூலிகைதானே" என்று பலர் சொல்கிறார்கள். நாட்டு வைத்தியத்தில் சுத்திசெய்து, அளவு பார்த்து, வேறு சரக்குகளோடு சேர்ப்பது ஒரு விடயம். கடல்வழியாக வந்து 'கேரளா' என்ற பெயரில் கைமாறும் சரைக்குள் எவ்வளவு வீரியம் என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. சிகரெட் தூளோடு கலந்து சுற்றுவதால் நிக்கொட்டினும் சேர்ந்தே பிடித்துக்கொள்கிறது.

நிறுத்தும்போது நடப்பதைத்தான் வீட்டுக்காரர் கூடுதலாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தினமும் பற்றியவர் நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளில் எரிச்சல், பதற்றம், வியர்வை, பசியின்மை, நித்திரையின்மை தொடங்கும். முதல் கிழமைதான் உச்சம். இரண்டு கிழமையில் பெரும்பாலும் தணியும். நித்திரை மட்டும் இன்னும் சில கிழமை இழுக்கும். மூளையைப் படம் எடுத்துப் பார்த்த ஆய்வுகளின்படி, நிறுத்தி இரண்டு நாளிலேயே ஏற்பிகள் திரும்பத் தொடங்குகின்றன, நான்கு கிழமையளவில் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடுகின்றன. யன்னல்கள் திறக்கின்றன. ஆனால் ஐந்தாம் நாள் இரவு கண் மூடாமல் கிடப்பவருக்கு அது தெரியாது. "பாத்தீங்களா டொக்டர், கஞ்சா இல்லாட்டி எனக்கு நித்திரையே இல்லை" என்பார். அந்த ஐந்தாம் இரவின் நித்திரையின்மையைக் கொடுப்பதே கஞ்சாதான்.

வன்னியில் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. கனவு காணும் நித்திரையைக் கஞ்சா அமுக்கிவைக்கிறது. நிறுத்தியதும் கனவுகள் வெள்ளமாகத் திரும்புகின்றன. வேறு ஊர்ப் பிள்ளைக்கு அது வெறும் விசித்திரக் கனவு. நம் பிள்ளைக்கு அது ஷெல் சத்தமும் பங்கரும் காணாமல்போன தகப்பனும். தம்பி ஆறாம் நாள் வந்து, "எல்லாம் திரும்ப வந்திட்டுது" என்று சொல்லி மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கஞ்சா அதை மறித்துவைத்திருந்தது என்று அவர் சொன்னது பொய்யில்லை. மறித்துத்தான் வைத்திருந்தது, ஆற்றவில்லை. ஆகவே கஞ்சாவை நிறுத்தச் சொல்லி அனுப்பிவிட்டு எங்கள் வேலை முடிந்தது என்று நாங்கள் இருந்துவிடக் கூடாது. போர் கொடுத்த காயத்துக்குத் தனியாக வைத்தியம் உண்டு. கிழமைக்கு ஒருமுறை இருத்திவைத்துக் கதைக்க உளவளத்துணையாளர் வேண்டும், சிலருக்குக் கொஞ்சக் காலம் குளிசையும் வேண்டும்.

கஞ்சாப் பழக்கத்தை அறுப்பதற்கென்று ஒரு தனிக் குளிசை கிடையாது. இருக்கிறது என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். பாமசியில் நித்திரைக் குளிசை வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். முதல் இரண்டு கிழமை அவர் எரிந்துவிழுவார், வாய்க்கு வாய் கொடுக்காதீர்கள். கஞ்சியோ பழமோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பகலில் கை கால் அசைய வேலை இருக்கட்டும். இடையில் ஒரு முறை தவறிப் பற்றிவிட்டால் எல்லாம் போச்சு என்று ஏசவும் வேண்டாம். ஆனால் ஒன்று: சில கிழமை விட்டவருக்குப் பழைய அளவு தாங்காது. அதே அளவை எடுத்துப் பயந்து நடுங்கி வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். சாகவேண்டும் என்று கதைத்தாலோ, குரல் கேட்டாலோ அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் உடனே கூட்டிவாருங்கள். இரவில் யாரோடாவது கதைக்கவேண்டும் என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் இருக்கிறது. பொலிசுக்குப் பயந்து பலர் உண்மையை மறைக்கிறார்கள். என் அறையில் சொன்ன பழக்கம் பொலிசுக்குப் போனதில்லை.

ஏழு கிழமை கழித்துத் தாய் தனியாக வந்தார். மகன் உழவுக்குப் போய்விட்டாராம், கார்ட்டைக் கொடுத்து மருந்தை எடுத்துவரச் சொன்னாராம். கனவு இன்னும் வருகிறது, ஆனால் எழும்பித் தண்ணி குடித்துவிட்டுத் திரும்பப் படுக்கிறார். சத்தி பற்றி நான் கேட்க முதலே அவர் சொன்னார்: "பொறுக்கி வச்ச விறகு அப்பிடியே கிடக்குது, டொக்டர். சோறு காய்ச்ச மட்டுந்தான் எடுக்கிறன்."