இலஞ்சம்: ஊட்டும் கையும் உண்ணும் கையும்

ஹட்டனில் ஒரு வங்கி வாசல். வீட்டுக் கடனுக்காக வந்திருந்த தோட்டத்துப் பெரியவரிடம் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "உள்ள ஐயாவுக்கு ஏதாவது சந்தோசம் பாத்துக் குடுங்க, கடுதாசி நகரும்." பெரியவர் விளக்கம் கேட்கவில்லை. மடியைத்தான் தடவினார். 'சந்தோசம்', 'தேத்தண்ணிக்கு' என்று வாசலில் பல பெயர் இருந்தாலும், சட்டத்தில் எல்லாம் இலஞ்சம்.

சொல் வடக்கிலிருந்து வந்தது. பாளியில் லஞ்ச, சமஸ்கிருதத்தில் லஞ்சா. தெலுங்கிலும் கன்னடத்திலும்கூட இதே சொல்தான். தமிழில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் முன்னே ஓர் இகரம் சேர்ந்தது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் அந்த இகரத்தைக் கழற்றிவிட்டன. இலங்கையில் இலஞ்ச, ஊழல் முறைப்பாடுகளை விசாரிக்கும் ஆணைக்குழுவின் பெயரிலேயே அது நிற்கிறது. பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் வரும் 'பரிதானம்' இப்போது கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் பழக்கம்.

சரி, தனியார் வங்கி அலுவலர் வாங்கினால்? 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டம் பெரும்பாலும் அரச பக்கத்தையே பார்த்தது. (ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு சொல்லும் தொலைபேசி இலக்கமும் 1954தான்.) அதன் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறை இலஞ்சத்தையும் குற்றமாக்கியது. அது அந்த ஆண்டு செப்டெம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. காசு மட்டுமல்ல; பரிசு, கடன், தரகு, வேலை, இருக்கும் கடனைத் தள்ளிவிடுவது எல்லாம் இதில் அடங்கும். கடன் கொடுத்ததற்குக் கைமாறாக மகனுக்கு ஒரு வேலை என்றாலும் அதே கதைதான்.

ஆனால் எல்லாத் தரகும் இலஞ்சமல்ல. தோட்டத்தில் ஆட்களை மேற்பார்த்த அந்தக் காலத்துக் கங்காணிக்கு, வேலைக்கு வந்த ஆள் கணக்கில் 'தலைக்காசு' கிடைத்தது. அது தோட்டக் கணக்கில் எழுதிக் கொடுத்த காசு. வங்கி எடுக்கும் கட்டணத்துக்கும் பற்றுச்சீட்டு உண்டு. சந்தோசத்துக்கு யார் பற்றுச்சீட்டு எழுதுவார்?

தமிழில் 'கையூட்டு' நல்ல சொல். பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது போல இன்னொருவர் கைக்கு ஊட்டுவது. வேலை, சலுகை போன்றவற்றுக்குக் 'கை' கொஞ்சம் இடிக்கிறதுதான். இருந்தாலும் இலஞ்சம் என்ற சொல்லில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: ஊட்டுபவரும் தெரிகிறார். சட்டமும் கொடுப்பவர், வாங்குபவர் இருவரையும் பிடிக்கிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பேச்சில் மட்டும் பழி ஒரு பக்கம்தான்: "அவன் காசு தின்னுறவன்."