யாருக்கப்பா மாலை? – நேர்காணலுக்கு லீவு கேட்பது பற்றி

காரைக்குடியில் நான் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்குப் பார்க்கும் ஜவுளிக்கடைகளில் ஒன்று. பெயர் வேண்டாம். அங்கே பில்லிங்கில் இருந்த பையனுக்குத் திருச்சியில் ஒரு நேர்காணல், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. புதன்கிழமை இரவு கடை பூட்டும் நேரத்தில் முதலாளிக்கு வாட்ஸ்அப் போட்டான்: "அப்பத்தா தவறிட்டாங்க. நாளைக்கு வர முடியாது."

நம் பக்கத்தில் துக்கம் என்று கேள்விப்பட்டால் போகாமல் இருக்க முடியுமா? முதலாளி மறுநாள் காலை ஒரு ரோஜா மாலையை வாங்கிக் காரில் வைத்துக்கொண்டு, பள்ளத்தூர் தாண்டி அவன் ஊருக்கே போய்விட்டார். திண்ணையில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அப்பத்தா நிமிர்ந்து பார்த்துக் கேட்டாராம்: "யாருக்கப்பா மாலை?"

கேட்டபோது நானும் சிரித்தேன். அந்தப் பையனுக்குத் திருச்சி வேலை கிடைக்கவில்லை, அதுகூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு அவன் எந்தக் கடையில் போய் நின்றாலும் இந்த முதலாளிக்குத்தான் போன் வந்தது. "பையன் எப்படி?" என்று கேட்பார்கள். "வேலையெல்லாம் சுத்தம். ஆனா..." என்று இவர் இழுப்பார். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் மாலைக் கதை வரும். சின்ன ஊரில் பயோடேட்டாவை விட இந்த போன்தான் பேசும்.

"இன்டர்வியூன்னு சொல்லியிருந்தா நானே பஸ் ஏத்தி விட்டிருப்பேனே" என்று முதலாளி என்னிடம் வருத்தப்பட்டார். அவரைப் பல வருடங்களாகத் தெரியும். ஏற்றி விட்டிருக்க மாட்டார். அன்றைக்கே பில்லிங்கில் வேறு ஆளை உட்கார வைத்துப் பழக்க ஆரம்பித்திருப்பார். ஆகவே பையனின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் தவறு வேறு இடத்தில் இருக்கிறது. உண்மையைச் சொல்வது, பொய் சொல்வது என்று இரண்டே வழி இருப்பதாக நினைத்துவிட்டான். காரணத்தைச் சொல்லாமலே லீவு கேட்கலாம் என்ற மூன்றாவது வழி சட்டத்திலேயே இருக்கிறது.

கடை, வணிக அலுவலகம் இவற்றுக்கெல்லாம் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 பொருந்தும். அதன் 25ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது. ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, அடுத்த வருடத்தில் சம்பளத்துடன் 12 நாள் விடுமுறை. அது போக, முதல் வருடத்திலிருந்தே நோய்க்காக 12 நாள் வரை, தற்செயல் விடுப்பாக 12 நாள் வரை. இரண்டும் சம்பளத்துடன்தான். தற்செயல் விடுப்பை எதற்கு எடுக்கலாம் என்று சட்டம் பட்டியல் போடவில்லை. நியாயமான காரணம் ஒன்று இருந்தால் போதும் என்கிறது. நல்ல வேலை தேடிப் போவது நியாயமான காரணம் இல்லை என்று யார் சொல்வது?

'நேர்காணல் விடுப்பு' என்று தனியாக நம் சட்டத்தில் எதுவும் கிடையாது. தேவையும் இல்லை. உங்கள் தற்செயல் விடுப்பில் ஒரு நாள் அதற்குப் போகிறது, அவ்வளவுதான். ஆனால் ஒன்று கவனியுங்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களை இந்தச் சட்டம் தன் வரம்பிலிருந்து விலக்கிவிடுகிறது. கடை மேனேஜர் இதைக் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போக முடியாது. பள்ளிகளில் வேலை பார்ப்பவர்கள் அவரவர் நியமன உத்தரவையும் பணி விதிகளையும் எடுத்துப் படியுங்கள். அரசு வேலையில் இருந்துகொண்டு வேறு அரசு வேலைக்குப் போகிறவர்களுக்கு லீவை விடத் தடையின்மைச் சான்றுதான் (என்.ஓ.சி.) பெரிய விஷயம். நேர்காணல் கடிதம் கைக்கு வந்த பிறகு அதற்கு ஓடாதீர்கள், விண்ணப்பம் போடும்போதே கேட்டு வையுங்கள்.

இப்போது பொய்யின் விலையைப் பார்ப்போம். அதே சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்தக் கூடாது. நிறுத்துவதென்றால் ஒரு மாத முன்னறிவிப்பு, இல்லையென்றால் அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும். ஆனால் ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டி, விசாரணை நடத்தி, அதற்கான சாட்சியத்தைப் பதிவு செய்துவிட்டால் அந்த முன்னறிவிப்பும் வேண்டியதில்லை. வேலை தேடியது ஒழுங்கீனம் ஆகாது. தெரிந்த டாக்டரிடம் வயிற்றுப்போக்கு என்று பொய்ச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தது ஆகும். உரிமையோடு எடுத்திருக்கக்கூடிய ஒரு நாளை நாமே குற்றமாக்கி முதலாளி கையில் கொடுக்கிறோம். இதில் எனக்கு ஆற்றாமை உண்டு. மாதத்துக்கு ஒன்றாவது இப்படி என் மேசைக்கு வருகிறது.

லீவு கணக்கில் எதுவும் மிச்சமில்லை என்றால் சம்பளப் பிடித்தத்தோடு எடுங்கள். மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தில் ஒரு நாள் என்பது 500 ரூபாய். அதை மிச்சம் பிடிக்க ஒரு அப்பத்தாவைக் கொல்ல வேண்டாம்.

கேட்கும் விதம் எளிது. இரண்டு மூன்று நாள் முன்னதாக, இரண்டே வரி: "வரும் வியாழக்கிழமை சொந்த வேலையாக வெளியூர் செல்ல வேண்டியிருப்பதால் ஒரு நாள் தற்செயல் விடுப்பு வேண்டுகிறேன். அன்று என் வேலையை இன்னார் பார்த்துக்கொள்வார்." இரண்டாவது வரிதான் முக்கியம். முதலாளியின் கவலை பெரும்பாலும் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதில் இல்லை, கவுண்டரில் யார் நிற்பார்கள் என்பதில்தான். நேரில் சொன்னாலும் வாட்ஸ்அப்பிலும் ஒரு தடவை போட்டு வையுங்கள். பின்னால் 'சொல்லாமல் நின்றுவிட்டான்' என்ற பேச்சு வராது.

"என்னப்பா சொந்த வேலை?" என்று கேட்பார்கள். நம் ஊர் பழக்கம் அது, கேட்காமல் இருந்தால்தான் அதிசயம். "கொஞ்சம் சொந்த விஷயம்ணே, முடிஞ்சதும் சொல்றேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். இதில் பொய் இல்லை. பதறிப்போய் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) என்று ஆரம்பித்தால் எந்த வீடு, எந்தக் கோயில், யார் சமையல் என்று கேள்வி நீளும். ஒரே மாதத்தில் மூன்று சாந்திக்குப் போன ஒரு கணக்கரை எனக்குத் தெரியும். நான்காவதுக்கு முதலாளியே, "எங்க பங்காளி வீட்டு விசேஷமால்ல இருக்கு, எனக்கே சொல்லலியே" என்றாராம்.

அப்புறம் பயணக் கணக்கு. சென்னைக்காரர்கள் நினைப்பது போல இங்கே 'ஒரு மணி நேரம் பர்மிஷன்' வேலைக்கு ஆகாது. மதுரையோ திருச்சியோ பஸ்ஸில் போக மட்டும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அரைநாள் லீவில் போய் வருகிறேன் என்று கிளம்பியவர்கள், மதியம் கடை திரும்ப முடியாமல் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் போட்டு மாட்டிக்கொண்டதுதான் அதிகம். முழுநாளாகவே கேளுங்கள். சென்னை என்றால் கணக்கே வேறு. விடியற்காலையில் புறப்படும் பல்லவன் ரயிலில் ஏறினால் எழும்பூரில் இறங்கும்போது நண்பகல் ஆகிவிடும். பத்து மணி நேர்காணலுக்கு முந்தின நாள் இரவே ரயிலோ பஸ்ஸோ ஏற வேண்டும். அதாவது முந்தின நாள் கடை பூட்டும் வரை உங்களால் நிற்க முடியாது. அந்த மாலை இரண்டு மணி நேரத்தையும் சேர்த்தே அனுமதி வாங்குங்கள்.

நேர்காணல் வைப்பவர்களிடமும் வாயைத் திறந்து கேட்கலாம், இதற்குப் பலர் கூச்சப்படுகிறார்கள். "இப்போது வேலையில் இருக்கிறேன், என் வாரவிடுமுறை நாளில் வரலாமா, முதல் சுற்றை வீடியோவில் வைத்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இருக்கிற வேலையைப் பொறுப்பாகப் பார்க்கிற ஆள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வீடியோ என்றால் ஒரு சின்ன எச்சரிக்கை: பெரிய வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், உட்கார்ந்து பேசாதீர்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, உயரமான கூரை, குரல் எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல எதிரொலிக்கும். ஓரத்தில் இருக்கும் சின்ன அறையில் பாய், தலையணை எல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு பேசுங்கள். ஒரு பெண் தன் ஜவுளிக்கடை குடோனில், சேலைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பாட்டு நேரத்தில் பேசி வேலை வாங்கினார். சத்தமே கேட்கவில்லையாம். கெட்டிக்காரத்தனம்தான், ஆனாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கடையின் இடம், கடையின் வைஃபை, கடையின் கம்ப்யூட்டர் எதுவும் இதற்கு வேண்டாம்.

உள்ளூர் நேர்காணலில் வேறு தொல்லை. தினமும் கடை யூனிபாரத்தில் வருகிறவர் திடீரென்று சட்டையை இன் பண்ணி, ஷூ போட்டு, கையில் ஃபைலோடு செக்காலை ரோட்டில் நடந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். சான்றிதழ்களை மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள், சட்டையை நண்பர் வீட்டில் மாற்றிக்கொள்ளுங்கள். கூட வேலை பார்ப்பவரிடம் 'உனக்கு மட்டும்' என்று சொல்லவே சொல்லாதீர்கள்.

சான்றிதழ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வேலையில் சேரும்போது அசல் மதிப்பெண் பட்டியலை வாங்கி பீரோவில் பூட்டி வைக்கிற பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. லீவு கிடைத்தும் அசல் கையில் இல்லாமல் நேர்காணலுக்குப் போகாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு செவிலியர் என்னிடம் அழுதே விட்டார். சான்றிதழை அடகுப் பொருள் மாதிரி வைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் முதலாளிக்கு உரிமை கொடுக்கவில்லை. சேரும்போது அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், நேர்காணல் தேதி வரும் வரை காத்திருக்காதீர்கள். எந்த அவசரமும் இல்லாத ஒரு மாதத்தில், எந்தத் தேதியில் எதைக் கொடுத்தேன் என்று குறிப்பிட்டு எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். அவசரத்தில் கேட்டால்தான் சந்தேகம் வரும். அரசின் இணையச் சான்றிதழ்ப் பெட்டகமான டிஜிலாக்கரில் கிடைப்பதை இறக்கி வைத்துக்கொள்வதும் நல்லது, ஆனால் நம் பக்கத்தில் பல இடங்களில் இன்னமும் காகிதத்தைத்தான் கேட்பார்கள்.

ஆட்குறைப்பு என்று சொல்லி ஒரு மாத நோட்டீஸ் கொடுக்கப்பட்டவர்கள் நிலைமை வேறு. அவர்கள் மறைக்க ஒன்றுமே இல்லை. பிரிட்டனில் 1996ஆம் ஆண்டின் வேலை உரிமைச் சட்டப்படி, இரண்டு வருடம் வேலை பார்த்து ஆட்குறைப்பு நோட்டீஸ் பெற்றவருக்கு வேறு வேலை தேட நியாயமான நேரம் கொடுத்தாக வேண்டும். ஜெர்மனியின் சிவில் சட்டத்திலும் நோட்டீஸ் காலத்துக்கு இப்படி ஒரு பிரிவு உண்டு. இங்கே அப்படி எழுதி வைக்கவில்லை. ஆனாலும் நேரடியாகவே கேட்டுவிடுங்கள்: "இந்த மாதத்தில் நேர்காணலுக்கு மூன்று நாள் வேண்டும்." நான் பார்த்தவரை, தாங்களே வேலையை விட்டு நிறுத்துகிற ஆளிடம் முதலாளிகள் இதற்கு மறுப்பதில்லை. ஒரு உறுத்தல் இருக்கும் போல.

இதைப் படிக்கும் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. வேலைக்காரர் வேறு இடம் பார்ப்பதைத் துரோகமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் இந்த ஊருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிவதே இல்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் லேவாதேவிக் கடைகளுக்குப் போன நம் ஊர் ஆட்கள் மூன்று வருடத் தவணைக்குப் போனவர்கள். தவணை முடிந்து ஊர் திரும்பி, அடுத்த பயணத்துக்குப் புதிதாகப் பேசிக்கொண்டவர்கள். அந்தக் கணக்குப் புத்தகங்களைப் பெட்டகத்தில் பெருமையாக வைத்திருக்கும் வீட்டிலேயே, ஒரு நாள் லீவுக்கு ஆளை நிற்க வைத்து விசாரணை நடக்கிறது.

மாலை வாங்கிய முதலாளியின் கடையில் லீவு புத்தகம் நான்தான் மாற்றி அச்சடிக்கச் சொன்னேன். பெயர், தேதி, எத்தனை நாள், பதிலுக்கு யார். 'காரணம்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டேன். முதலில் முகம் சுளித்தார், அப்புறம் சரி என்றார். இப்போதும் வாயால் கேட்கத்தான் செய்கிறார். "சொந்த வேலை முதலாளி" என்று பதில் வந்தால் ஒரு நிமிடம் ஆளையே பார்த்துவிட்டு, "வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?" என்று மட்டும் கேட்டுக்கொள்கிறார்.